சங்கையா அண்ணாச்சியின் கைடைரி

"ஏ தாயி, கம்ப்யூட்டருக்கு வார வைரஸு இதுக்கும் தொத்துமாமே, நெசந்தானா?"

சங்கையா அண்ணாச்சி இதைக் கேட்டது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில். ஒரு கையில் மடித்த செய்தித்தாள். இன்னொரு கையில் அவருடைய டிஜிட்டல் டைரி. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே பொடிப்பொடியாகப் பொத்தான்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரை அழிக்கிற வைரஸ் நாளைக்குக் கையில் வைத்திருக்கும் கருவிகளுக்கும் செல்போன்களுக்கும் தாவும் என்று அந்தப் பேப்பரில் யாரோ எழுதியிருந்தார்கள். இராஜபாளையத்துக்கு அப்போது செல்போன் டவரே வந்திருக்கவில்லை. பயம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கோதைநாயகி. தலையை இடமும் வலமும் ஆட்டினாள். தொத்தாது.

அவள் சொன்னது பொய் இல்லை. ஒரு இயந்திரத்துக்கென்று எழுதிய வைரஸ் வேறு ஜாதி இயந்திரத்துக்குள் போய் உயிரோடு இருக்காது என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அவளே இரண்டு தடவை வாசித்திருந்தாள். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றை விழுங்கிக்கொண்டாள். அதை விழுங்கியதற்குக் காரணம் இருந்தது.

கோதைநாயகிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பத்தாம் வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே குரல் கீச்சென்று உடைந்தது. வகுப்பே சிரித்தது, டீச்சரும் சேர்ந்து. மறுநாள் பைக்கட்டோடு கிளம்பியவள் பெரிய தேர் நிற்கிற இடம்வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதோடு படிப்பு முடிந்தது. எண்ணெய்க் கடையில் வேலை பார்த்த அப்பா இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சும்மா இருக்க வேண்டாமே என்று ஸாவித்ரி டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார்கள். வாய்க்கு வராதது அவள் விரலுக்கு வந்தது. டீச்சர் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது அதையும் முதலில் பழகியவள் அவள்தான். டீச்சர் சிபாரிசில் இராஜபாளையத்து பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. டவுன் பஸ்ஸில் போய் டவுன் பஸ்ஸில் வருவாள். கண்டக்டரிடம் சில்லறையைச் சரியாக நீட்டினால் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனியில் துணி மடிக்கிற கூடத்தில் நாற்பது பெண்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிற பேச்சு சாயங்காலம் சங்கு ஊதும்வரை ஓயாது. கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி போட்டுத் தடுத்த ஏ.சி. அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, கோதைநாயகி. அந்த அறைக்கு மீன்தொட்டி என்று பெயர் வைத்தது ஆவுடையம்மாள்.

"என்னட்டி, தொட்டிக்குள்ள மீனு இன்னைக்காச்சும் வாயத் தொறந்துச்சா?"

"எங்க மதினி, கண்ண மட்டும் முழிச்சு முழிச்சுப் பாக்கு."

சிரிப்புச் சத்தம் கண்ணாடி வழியாக அரைகுறையாகக் கேட்கும். கோதைநாயகி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து தனியாகச் சாப்பிடுவாள். சில நாட்களில் காலையில் வீட்டில் அம்மாவிடம் "வாரேன்" என்று சொன்னதற்குப் பிறகு, சாயங்காலம் அதே வீட்டில் "காப்பி" என்று சொல்லும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்காது.

சனிக்கிழமை மட்டும் வேறு மாதிரி.

சனிக்கிழமைதான் சங்கையா அண்ணாச்சி வருவார். கம்பெனியின் கேரளா லைன் முழுக்க அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிச் செங்கோட்டை வழியாகக் கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஆர்டர் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை திரும்புவார். இருபத்திரண்டு வருஷமாக இதே ஓட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆலங்குளம் ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று அவருடைய வண்டியைத் தட்டிவிட்டது. மதுரையில் இருபது நாள் படுத்திருந்தார். தையல் ஆறியது, முடி வளர்ந்தது, ஆள் பழையபடி லைனுக்குப் போனார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அதற்கடுத்த ஒரு சனிக்கிழமை மீன்தொட்டியின் வாசலில் வந்து நின்றவர், உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்கிடாத தாயி... ஒம் பேரு என்ன?" என்றார். ஒரு வருஷமாகப் பழகியவர். அவள் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி நகர்த்தி வைத்தாள். அவர் அதை வாசித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மூஞ்சியெல்லாம் நல்லாத் தெரியுது. வழி தெரியுது, ரேட்டு தெரியுது. பேருதான் நிக்க மாட்டேங்கு. இந்தா கேக்கேன், செத்த நேரத்துல கழண்டு விழுந்துருது. வீட்டுல பொஞ்சாதிகிட்டக்கூடச் சொல்லல. மகளுக்கு நர்ஸு படிப்பு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. மொதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாரு. போன வருசம் எடை மேடையில நின்ன பய பேல் கட்டு எண்ண மறந்ததுக்கு என்ன செஞ்சாருன்னு பாத்தேல்ல?"

பார்த்திருந்தாள். எடை மேடையில் நின்ற மாரிசாமியை ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார் முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மறதிக்காரனை வைத்து ஆஸ்பத்திரிச் சரக்கு வியாபாரம் செய்ய முடியாது என்பது அவருடைய கட்சி.

அதன் பிறகு கொல்லத்தில் ஒரு கடையில் அண்ணாச்சி அந்த டைரியை வாங்கி வந்தார். கம்ப்யூட்டரோடு சேர்க்க ஒரு வயரும் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, லைனில் சீட்டில் குறித்து வந்த பெயரோடு ஞாபகத்தில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வருவார்; சொல்லி முடித்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். அவள் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொண்டே போவாள்.

"கோட்டயம் மிஷன் ஆஸ்பத்திரி ஸ்டோரு. அன்னம்மா சிஸ்டர். மூங்கால் வலி உண்டு, கேட்டுக்கிடணும். அடுத்து ஆலப்புழை. ஸ்டோர் டாக்டரு வழுக்கை. உத்துப் பாக்கக் கூடாது. போட்டுட்டியா?"

அவள் சிரித்துவிடுவாள். சத்தம் போட்டு. கண்ணாடிக்கு வெளியே ஆவுடையம்மாள் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளும் பேசுவாள். "வழுக்கைக்கு அடையாளமா என்ன போட அண்ணாச்சி, முட்டை வடிவமா?" என்று ஒருதரம் கேட்டேவிட்டாள். அவர் அரைமணி நேரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

புதிதாகச் சேர்ப்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். அதனால் வயரை மாட்டி அமுக்கியதும் டைரியில் இருக்கும் பழைய பட்டியல் போய், கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல் அப்படியே அதன் இடத்தில் உட்காரும்படி கோதைநாயகி வைத்திருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த டைரி இருக்கிறவரை சங்கையா அண்ணாச்சி பழைய சங்கையா அண்ணாச்சிதான். இது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸாவித்ரி டீச்சர் அவளுக்கு ஒரு ஃப்ளாப்பி கொடுத்தார். "மதுரையிலேருந்து ஒரு பையன் கொண்டாந்தான். நாம எதையாவது தட்டினா அது பதிலுக்கு நம்மகிட்ட கேள்வி கேக்கும். ஒனக்கு நல்லாப் பொழுது போகும்" என்றார். பேசுகிற ஃப்ளாப்பி. கோதைநாயகி அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். வெளி ஃப்ளாப்பி அறைக்குள் வரக் கூடாது என்று முதலாளி கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார். உடனே போட்டுப் பார்க்கவில்லை. புதுச் சாமானை விஜயதசமியன்று தொடங்கலாம் என்று வைத்திருந்தாள்.

பூஜையன்று கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார்கள். கம்பெனியின் நாற்பத்திரண்டு ஃப்ளாப்பிகளையும் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி. சாமி முன்னால் வைத்து எடுத்த ஆயுதம் எதுவானாலும் அன்றைக்கு ஒரு தடவையாவது வேலை செய்தாக வேண்டும் என்பது முதலாளி வீட்டு வழக்கம். தறிகளை ஒரு கஜம் ஓட்டுவார்கள். தராசில் ஒரு கட்டு நிறுப்பார்கள். ஃப்ளாப்பிகளையும் ஒன்று விடாமல் கம்ப்யூட்டருக்குள் போட்டுத் திறந்து மூட வேண்டும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள்தான் செய்தாள்.

இந்த வருஷம் முதலாளி வருவதற்கு முன்பே வந்து, நல்ல நேரம் பார்த்துத் தன்னுடைய ஃப்ளாப்பியை முதலில் போட்டாள். திரையில் பச்சை எழுத்து ஓடியது. உன் பெயர் என்ன என்று கேட்டது. தட்டினாள். இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்டது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. என்ன தட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே கார் சத்தம் கேட்டது. உருவி ஒளித்துவிட்டாள். முதலாளி வந்து பக்கத்தில் நின்று, "கானி, கானி" என்று தெலுங்கில் முடுக்கிக்கொண்டே எண்ண, நாற்பத்திரண்டு ஃப்ளாப்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டு வந்தன.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஸாவித்ரி டீச்சர் அவள் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, நான் குடுத்த ஃப்ளாப்பிய எங்கயும் போட்டியா? அதுல வைரஸு. எங்க மெசினு ரெண்டும் போச்சு. மூணு வாரம் சும்மா கெடந்துட்டு, இன்னைக்குக் காலையில எழுதி வச்ச அம்புட்டையும் தொடச்சு வெறும் கோடாக்கிட்டு. பேரு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. கம்பெனியில போடலல்ல?"

"இல்ல டீச்சர்" என்றாள் கோதைநாயகி. அன்றைக்கு வீட்டை விட்டு வந்த பிறகு அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

ராத்திரி பாய் விரித்துப் படுத்தவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சொன்னால் வேலை போகும். மீன்தொட்டி போகும். சனிக்கிழமை போகும். சொல்லாவிட்டால் எதுவும் நடக்காமலும் போகலாம். இரண்டு இயந்திரத்துக்கு நடந்தது மூன்றாவதற்கும் நடந்தே ஆக வேண்டுமா?

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டாள். வழக்கம்போல் எரிந்தது. அண்ணாச்சியின் பட்டியலைத் திறந்து பார்க்க இரண்டு தடவை கை போனது. இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டாள். பார்த்துவிட்டால் சொல்ல வேண்டி வரும்.

அப்போதுதான் அண்ணாச்சி பேப்பரும் கையுமாக வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"அப்பச் சரி. நீ சொன்னாச் சரிதான். மாட்டு தாயி, இன்னைக்குச் சொல்லதுக்கு நேரமில்ல. கோட்டயத்துல வருச ஆர்டரு. திங்கக்கெழம காலையில முடிவாகுதாம். மத்தியான வண்டியப் பிடிக்கணும்."

மாட்டாதே என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. வயர் மேஜையில் கிடந்தது. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். வைரஸ் அதற்குள் போகாது, போகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் மாட்டினாள். அமுக்கினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று இரண்டிலும் காட்டியது. அவர் மூடியை அடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பொறவு வாரேன்" என்று ஓடினார்.

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் பட்டியலைத் திறந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வெற்று வரிகள்.

வைரஸ் டைரிக்குள் போகவில்லை. பத்திரிகையில் எழுதியிருந்தது சரி. கம்ப்யூட்டரில் அது துடைத்துவைத்த வெறுமையை டைரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது வயரும், வயரை மாட்டிய கையும்தான்.

ஸ்டேஷனுக்கு ஓடினாள். வெறுங்காலோடு, செருப்பை மறந்துவிட்டு. வண்டி கிளம்பிப் போயிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டார். வழக்கத்துக்கு மூன்று நாள் முன்னதாக. கோட்டயத்தில் அந்த ஸ்டோர் சிஸ்டரின் பெயர் வரவில்லையாம். ஆறு வருஷமாக முழங்கால் வலி விசாரித்த மனுஷியை ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே, உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாள். பேச வேண்டிய அதிகாரியைப் பெயர் சொல்லிக் கேட்கவும் முடியவில்லை. தெரியாத ஆளாக வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டி ஏறிவிட்டார். ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. முதலாளியிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: டைரியில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது.

புதன்கிழமை மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் சுயம்புலிங்கம் வந்தார். மீன்தொட்டியில் நான்கு பேர். அத்தனை பேரை அந்த அறை பார்த்ததே இல்லை. முதலாளி நாற்காலியில். அண்ணாச்சி ஸ்டூலின் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. கோதைநாயகி சுவரோடு சுவராக நின்றாள்.

"வைரஸ்தான் சார்" என்றார் சுயம்புலிங்கம். "மெஷின்ல இருக்கு, நாப்பத்திரெண்டு ஃப்ளாப்பியிலயும் இருக்கு. ஒண்ணுகூடப் பாக்கி இல்ல. நான் இப்படிப் பாத்ததே இல்ல. வெளியே இருந்துதான் வந்திருக்கணும்."

"வெளிய இருந்து இங்க வார சாமானு ஒண்ணே ஒண்ணுதான்" என்று முதலாளி அண்ணாச்சியின் சட்டைப்பையைப் பார்த்தார். "அந்தா, அது. ஊரு ஊராச் சுத்துது. எந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் மாட்டுனேரு?"

"அதுலேருந்து இதுக்கு வாரதுக்கு..." என்று சுயம்புலிங்கம் இழுத்தார்.

"பேப்பர்லயே போட்டிருக்கான்வே. இதுலருந்து அதுக்குப் போகும்னா, அதுலருந்து இதுக்கு வராதா?"

இன்ஜினியர் தோளைக் குலுக்கினார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது போலிருந்தது.

சங்கையா அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "இருக்கும் மொதலாளி. கொல்லத்துல ஒரு கடையில மாட்டுனேன்னு ஞாபகம். என் தப்புதான்."

கோதைநாயகி நிமிர்ந்தாள். அவர் எங்கும் மாட்டவில்லை. வயர் அவளுடைய மேஜை டிராயரை விட்டு வெளியே போனதே இல்லை.

"இருவத்திரெண்டு வருசமா ஒழுங்கா இருந்த ஆளு" என்றார் முதலாளி. குரலில் கோபம் பாதி இறங்கிவிட்டது. "சரி, போகட்டும். ஒரு ஆறு மாசம் லைனுக்குப் போக வேண்டாம். குடோனப் பாரும். சம்பளத்துல கை வைக்கல. அந்தச் சனியன மட்டும் இனிக் கம்பெனிக்குள்ள கொண்டாரக் கூடாது."

"சரி மொதலாளி" என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. குடோனில் பெயர் வேண்டாம். கட்டும் எண்ணும் போதும். மகள் படிப்பு முடிகிறவரை குடோனில் ஓட்டிவிடலாம்.

அந்தத் தளர்ச்சியைக் கோதைநாயகி அவமானம் என்று எடுத்துக்கொண்டாள். செய்யாத தப்புக்கு அவர் தலை குனிந்து நிற்கிறார் என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் நாலு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது.

"அவிய இல்ல சார்! நான்தான்!"

குரல் உடைந்தது. பள்ளிக்கூடத்தில் உடைந்த அதே மாதிரிதான். இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. கூடத்தில் நாற்பது பெண்களின் பேச்சும் அறுந்து நின்றது.

"விஜயதசமி அன்னைக்கு நான்தான் வெளி ஃப்ளாப்பி போட்டேன். அதுக்குப் பொறவுதான் எல்லா ஃப்ளாப்பியும் போட்டது. அதுல வைரஸு இருக்குன்னு வெள்ளிக்கெழமையே எனக்குத் தெரியும். அண்ணாச்சி வந்து கேட்டாவ, நான் சொல்லல. அவிய எங்கயும் மாட்டல சார், அவியளுக்கு மாட்டவே தெரியாது. நான்தான் எல்லாம் போட்டுக் குடுப்பேன். லாரி அடிச்சதுலேருந்து அவியளுக்குப் பேரு ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. அதுக்காகத்தான் அந்த டைரியே. எம் பேரையே மூணு தடவ கேட்டிருக்காவ. அதுல இருந்த அம்புட்டுப் பேரும் போயிட்டு. என்னாலதான் போயிட்டு..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

முதலாளி அவளைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பிச் சங்கையா அண்ணாச்சியைப் பார்த்தார். கேலியாக இல்லை, கோபமாகவும் இல்லை. சீக்காளியிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"சங்கையா, எம் பேரு என்ன?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷமாக மொதலாளி என்றே கூப்பிட்டு வந்தவர். உதடு எதையோ தேடி ஒருதரம் கூடியது, பிரிந்தது. சுவரில் மாட்டியிருந்த கம்பெனிக் காலண்டரை அவர் கண் தேடியது. அதில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

"ரெண்டு நாள் வீட்டுல இரும்" என்றார் முதலாளி மெதுவாக. "பொறவு கணக்குப் பாத்துக்கிடுவோம்."

கோதைநாயகி "அண்ணாச்சி" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுடைய முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். வெளியே போய், கதவோரம் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் பிரித்து மாட்டிக்கொண்டார். மடித்த துணிக் கட்டுகளுக்கு நடுவே வழிவிட்டு ஆவுடையம்மாள் ஒதுங்கி நின்றாள். கூடத்தைத் தாண்டி, எடை மேடையைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே வெயிலில் இறங்கி நடந்தார்.